எட்டாவது கேள்வி

கொழும்பிலிருந்து வந்த கொம்பனிப் பொடியன்
கழுத்தில் அட்டை, கையில் படிவக் கட்டு.
"திருத்துற ஆக்களிட்டக் கேட்டாத்தான் சரியாம் அக்கா" என்றான்.
ஏழு கேள்விக்குப் புள்ளடி போட்டேன்.
எட்டாவதுக்குக் கீழே நாலு வெறுங்கோடு:
உங்கள் கனவுக் கருவி எப்படி இருக்கவேண்டும்?

களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு எதிரே
ஆறடிக்கு நாலடிக் கடை.
இங்கே கனவெல்லாம்
பின்மூடி கழன்றுதான் வந்து சேரும்.

முதலில் உப்பு.
கடல் ஒருபக்கம், வாவி மறுபக்கம்,
நடுவில் ஒரு முழத் துண்டில் நாங்கள்.
ஆறே மாதத்தில் பலகையில் பச்சை பூத்துவிடும்.
செய்கிறவன் ஒரு வாடைக்காலம் முழுக்க
இங்கே வாடகைக்கு இருந்துவிட்டுச் செய்யட்டும்.

இரண்டு ரூபாய்க் குற்றியால் திறபடவேண்டும்.
பசை வேண்டாம். பற்றரியை
நகத்தால் கெம்பி எடுக்க முடியவேண்டும்.
(அப்ப உனக்கென்ன வேலை?
அவன் கேட்கவில்லை. நானே கேட்டேன்.)

மறுகா.
இந்தச் சொல் அதற்கு விளங்கவேண்டும்.
பழுகாமத்துக் கமலேந்திரி அக்கா
கட்டாரில் இருக்கிற மகனுக்கு
"மறுகா எடுக்கன் மனே" என்று வாயால் சொல்ல,
"மருந்து எடுக்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டது அது.
பொடியன் பயந்து லீவு கேட்டு அலைந்திருக்கிறான்.
சொன்னதைச் சொன்னபடி கேட்கிற காது,
எங்களைத் திருத்தாத காது.
திருத்துகிற வேலை எனக்குப் போதும்.

வட்டையில் காவல் இருக்கிற பூபாலரெத்தினத்தின்
வலது பெருவிரலை நெல்வெட்டும் மெசின் கொண்டுபோனது.
விரல் வை, விரல் வை என்று
போன் இன்னும் அந்த விரலைத்தான் கேட்கிறது.
யானை வந்த இரவிலும் கேட்டதாம்.
நீ யார் என்று கேட்பதை விட்டுவிட்டு
வந்தது என்ன என்று கேட்கட்டும்.

மருதமுனை றிஸ்மியா சொன்னாள்:
"ஒண்டையும் அழிக்காதீங்க. ஆனா இடம் வேணும்."
பிரிந்துபோனவனின் குரல்
இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் துண்டு.
கேட்கிறதும் இல்லை, அழிக்கிறதும் இல்லை.
கேட்காமலே வைத்திருக்க
அதற்குள் ஓர் அறை வேண்டும்.

இதைப் படிவத்தில் எழுத முடியாது:
போன மாசி மாதம்
திரை மாற்றிய ஒரு போனில்
தொட்டுப் பார்க்கப்போய்த் திறந்துகொண்டன
அனுப்பாத முப்பத்தேழு செய்திகள்.
எல்லாம் ஒரே இலக்கத்துக்கு,
எல்லாம் "கோபமா?" என்றே தொடங்கின.
பதினொன்றை வாசித்தேன். பன்னிரண்டாவதில்
என் கை எனக்கே கூசியது.
ஆள் வந்தார். ஆயிரத்தைந்நூறு தந்தார்.
தொடுகிறது நல்லா வேலை செய்யுது என்றேன்
மேசையைப் பார்த்துக்கொண்டு.
ஆகவே, உடம்பை மட்டும் என்னிடம் தரவேண்டும்,
மிச்சத்தை என்னிடமிருந்தும் பூட்டவேண்டும்.

நாலு கோட்டில் எங்கே எழுத?
அப்போதுதான் குருமண்வெளித் துறை நினைவில் வந்தது.
மண்டூருக்கு ஓடுகிற அந்த மிதவைக்கு
நாங்கள் வைத்த பேர் பாதை.
மோட்டார்சைக்கிள், ஆட்டுக்குட்டி, யூரியா மூடை,
மாதம் முற்றிய வயிறு, சண்டை பிடித்துக்கொண்டு வந்த இரண்டு பேர்
எல்லாரையும் ஏற்றும்.
அக்கரையில் இறக்கும்.
ஏன் போகிறாய் என்று கேட்காது,
இறங்கினது யார் என்று எழுதிவைக்காது,
நாளைக்கும் வா என்று
பின்னால் நின்று கூப்பிடாது.

முதல் கோட்டில் எழுதினேன்: பாதை மாதிரி.
மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன்.

பொடியன் வாசித்தான்.
"றோட்டா அக்கா?"
ஓம் என்றேன்.
அடுத்த கடைக்குப் போனான்.

அவன் விட்டுப்போன வெற்றுப் படிவத்தில்தான்
இப்போது திருகாணிகளைப் பரப்புகிறேன்,
கேள்விக்கு ஒன்றாக.
இன்றைக்கு எல்லாம் பூட்டி முடித்த பிறகும்
எட்டாவதின்மேல் ஒன்று மிஞ்சிக் கிடக்கிறது.
யாருடைய போன் என்று தெரியவில்லை.
எல்லாம் வேலை செய்கின்றன.